1853-இல் மதராசுக்கு வந்த மார்மன்கள்: ஏன் ஒரு சபைகூட மிஞ்சவில்லை?

ஜனவரி 4, காலை 10.12 (வாசகர் கேள்வி)

மார்மன்கள் இந்தியாவுக்கு வந்ததே 1990களில், பெங்களூரில் மிஷன் தொடங்கியபோதுதான். 1850களிலேயே மதராசில் இருந்தார்கள் என்று இங்கே யாரோ எழுதியிருக்கிறார்கள். நம்ப முடியவில்லை. வந்திருந்தால் ஒரு சபை, ஒரு குடும்பம், ஒரு கல்லறையாவது இருக்க வேண்டாமா? தரங்கம்பாடி மிஷனரிகள் விட்டுப்போனது இன்றும் கண்ணெதிரே நிற்கிறதே.

ஜனவரி 4, இரவு 9.40

வந்தார்கள். மார்மன்கள் என்றால் அமெரிக்காவில் தோன்றி, யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு கிறிஸ்தவ சபையினர். பெங்களூர் மிஷன் 1993-இல் தொடங்கியது உண்மை. ஆனால் அதற்கு 140 ஆண்டுகளுக்கு முன்பே ‘கிழக்கிந்திய மிஷன்’ என்று ஒன்று நடந்தது. காலம் 1851 முதல் 1856 வரை.

தொடக்கம் கல்கத்தாவில். 1849-இல் ஒரு கப்பலில் வந்த இரண்டு மார்மன் மாலுமிகள், அங்கே ஏற்கெனவே வேறு சபைகளில் மனநிறைவில்லாமல் இருந்த சில ஐரோப்பியரிடம் பேசினார்கள். அவர்கள் இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதிப் புத்தகமும் போதகரும் கேட்டார்கள். ஜோசப் ரிச்சர்ட்ஸ் கப்பலில் வேலை செய்துகொண்டே 1851 ஜூனில் வந்து சேர்ந்தார். அந்த மாதமே நான்கைந்து பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்து ஒரு கிளையை, அதாவது சிறு உள்ளூர்ச் சபையை, அமைத்தார். அதற்கு ‘வாண்டரர்ஸ் கிளை’ என்று பெயர். அதே ஆண்டு ஹ்யூ ஃபின்ட்லே பம்பாய்க்கும், கிறிஸ்துமஸ் அன்று வில்லியம் வில்ஸ் கல்கத்தாவுக்கும் வந்தார்கள். மூவரையும் அனுப்பியவர் சபையின் அப்போஸ்தலர்களில் ஒருவரான லொரென்சோ ஸ்நோ.

1852 ஆகஸ்டில் சால்ட் லேக் சிட்டியில் நடந்த சிறப்பு மாநாட்டில் இந்தியாவுக்கென்று 13 பேர் அழைக்கப்பட்டார்கள். தலைவர் நத்தானியேல் ஜோன்ஸ். சான் பிரான்சிஸ்கோவில் ‘மான்சூன்’ என்ற கப்பலில் 1853 ஜனவரிக் கடைசியில் ஏறி, ஏப்ரல் கடைசியில் கல்கத்தாவில் இறங்கினார்கள். ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன் ஆகிய மூவர் ஜூலையில் மதராஸ் வந்தார்கள்.

ஏன் மிஞ்சவில்லை என்றால் பலதார மணம். அந்த மாநாட்டில்தான் அது தம் சபையின் வழக்கம் என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். அதோடு கதை முடிந்தது.

ஜனவரி 5, காலை 6.55

நேற்று எழுதியதில் இரண்டு பிழை.

13 என்பது மொத்தக் கணக்கு. இந்தியாவுக்கு அழைக்கப்பட்டவர்கள் 9 பேர், சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, 4 பேர். சயாம் போக வேண்டியவர்களும் அதே கப்பலில் கல்கத்தா வரை வந்தார்கள். இரண்டாம் ஆங்கிலேய-பர்மியப் போர் காரணமாக அதற்கு மேல் வழி அடைபட்டது. ஆகவே இருவர் இலங்கை போய் அங்கிருந்து பம்பாய்க்குத் திரும்பினார்கள். இருவர் பர்மாவுக்குப் போனார்கள். அவர்களில் எலாம் லடிங்டன் மட்டும் 1854 ஏப்ரலில் பாங்காக்கை எட்டி நான்கு மாதம் தாக்குப்பிடித்தார். ஒரு கப்பல் தலைவரும் அவர் மனைவியும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவ்வளவே.

இரண்டாவது, ரிச்சர்ட்ஸை அனுப்பியவர் ஸ்நோ இல்லை. பிரிட்டிஷ் மிஷன் தலைமையில் இருந்த ஜி. பி. வாலஸ் அனுப்பினார். வில்ஸும் ஃபின்ட்லேயும்தான் ஸ்நோ அனுப்பியவர்கள். ஸ்நோ தாமே பம்பாய் வரப் புறப்பட்டு 1852-இல் மால்டா வரை வந்தார். செங்கடல் வழி நீராவிக் கப்பல் பழுதாகிப் பயணம் தள்ளிப்போகவே திரும்பிவிட்டார்.

ஜனவரி 5, இரவு 10.20

பலதார மணம்தான் காரணம் என்று அழுத்தமாக எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த வாதம் நிற்கவில்லை.

சால்ட் லேக்கில் அறிவிப்பு 1852 ஆகஸ்ட் 29. இங்கிலாந்தில் சபையின் பத்திரிகையான ‘மில்லேனியல் ஸ்டார்’ அதை அச்சிட்டது 1853 ஜனவரி 1. லண்டன் தபால் சூயஸ் வழியாகக் கல்கத்தா வர ஏறத்தாழ ஒன்றரை மாதம். ஆக, அந்தச் செய்தி அச்சில் கல்கத்தாவைத் தொட்டிருக்கக்கூடிய காலம் 1853 பிப்ரவரி நடுப்பகுதி.

மிஷனின் மிகப்பெரிய எண்ணிக்கையோ அதற்கு முன்னதாகவே வந்தது. 1852 மே வாக்கில் வில்ஸ் கணக்கில் ஐரோப்பியர் 19 பேர், வங்காள விவசாயிகள், அதாவது ரயத்துகள், 170 பேர். 1853 ஏப்ரலில் ஜோன்ஸ் குழு கரை இறங்கியபோது அந்த 170 பேரில் கிட்டத்தட்ட யாருமே இல்லை. விலகியதற்குச் சொல்லப்பட்ட காரணம் பணம்: மற்ற மிஷன்கள் கொடுத்த உதவியை இவர்கள் கொடுக்கவில்லை. பலதார மணத்தைப் பற்றி அந்த ரயத்துகள் கேள்விப்பட்டதாகவே பேச்சில்லை.

ஐரோப்பியரிடையே அது அடித்தது உண்மை. பாதிரிமாரும் ஆங்கிலப் பத்திரிகைகளும் அதையே பிடித்துக்கொண்டன. மதராசில் பாலன்டைன் அதற்குப் பதிலாக ஒரு உரையாடல் வடிவத் துண்டுப் பிரசுரமே அச்சிட வேண்டி வந்தது. அது மிஷனின் இரண்டாவது அடி. முதல் அடி அதற்கு முன்பே விழுந்துவிட்டது.

ஜனவரி 6, பிற்பகல் 1.05

“அப்படியென்றால் அவர்கள் சோற்றுக் கிறிஸ்தவர்கள்தானே” என்று கேட்டவருக்கு.

அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. நிலம் ஜமீன்தாருடையது, கடன் வட்டிக்காரரான மகாஜனுடையது, கோர்ட்டு மொழி ரயத்துக்குப் புரியாதது. அந்த நிலையில் மிஷன் என்பது சாமி கும்பிடும் இடம் மட்டுமல்ல. வழக்கில் துணை நிற்க ஒரு வெள்ளைக்காரர், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், வெள்ளம் வந்தால் நெல். நதியா மாவட்டத்துக் கிருஷ்ணநகரில் 1838-இல் பெருவெள்ளம் வந்தபின் ஊர் ஊராக ஆங்கிலிக்கன் மிஷனுக்குப் போனதும் இந்தப் பின்னணியில்தான். ரயத்து கேட்டது நியாயமான கேள்வி: உங்களோடு சேர்ந்து என் பழைய பாதுகாப்பை இழந்தால், நாளை எனக்கு யார்? மார்மன் மூப்பரிடம், அதாவது போதகரிடம், பதில் இல்லை. தம் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கே வழி தெரியாதவர் அவர். அது ஏன் என்று அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.

ஜனவரி 6, இரவு 11.30

பையில்லாப் பயணம். இதைப் புரிந்துகொள்ளாமல் மிஷனைப் புரிந்துகொள்ள முடியாது.

லூக்கா 10:4-இல் பணப்பையும் சாமான் பையும் கொண்டுபோக வேண்டாம் என்று வருகிறதே, அதை அன்றைய மார்மன் மூப்பர்கள் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார்கள். சம்பளம் கிடையாது. தாய்ச்சபையிலிருந்து மாதப் பணம் கிடையாது. இருவர் இருவராகப் போவது, கேட்கும் வீட்டில் தங்குவது, கொடுப்பதைச் சாப்பிடுவது, அடுத்த ஊருக்கு அந்த வீட்டுக்காரரிடமே ஒரு அறிமுகக் கடிதம் வாங்கிக்கொள்வது. இங்கிலாந்திலும் அமெரிக்கக் கிராமங்களிலும் இது நடந்தது. காரணம், அங்கே உணவு கொடுப்பவரும் உபதேசம் கேட்பவரும் ஒரே ஆள்.

இந்தியாவில் அந்தக் கண்ணி அறுந்தது. இந்து வீட்டில் மிலேச்சரை உட்காரவைத்துச் சோறு போட்டால் வீட்டுக்காரருக்குச் சாதிவிலக்கு. அப்படியே அன்புகூர்ந்து கொடுத்தாலும் தங்க இடம் வெளித்திண்ணைதான். ஆகவே உணவு, படுக்கை, விளக்கு, எழுதத் தாள், அச்சுக்கூலி எல்லாம் ஐரோப்பியர் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். ஐரோப்பியர் வீட்டில் தங்கினால் ஐரோப்பியரிடம்தான் பேச முடியும். ஏழை வெள்ளைக்காரன் நடந்து போவதே அன்று கம்பெனி அதிகாரிகளுக்கு அவமானம். நடந்து வந்தவரை மதிக்க மாட்டார்கள். நடக்காமல் போக வேண்டுமானால் மாட்டுவண்டிக்குக் காசு வேண்டும்.

தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வில்ஸும் ரிச்சர்ட்ஸும் கங்கை, யமுனைக் கரையோரமாக மோங்கிர், தானாப்பூர், காசி, அலகாபாத், கான்பூர், ஆக்ரா, டில்லி என்று சிம்லா வரை போனார்கள். ஊர் ஊராகக் கூட்டம் நடத்தினார்கள். எந்த ஊரிலும் ஒரு பருவம் முழுக்க உட்காரவில்லை. ஒரு கிளை நிற்க வேண்டுமானால் ஞானஸ்நானம் கொடுத்த பிறகும் அங்கேயே ஆள் வேண்டும்: வாராவாரம் திருவிருந்து, ஆசாரியத்துவத்துக்கு உள்ளூர் ஆளை நியமிப்பது, பெயர்ப் பதிவேடு எழுத ஒரு எழுத்தர். முழுக்குக் கொடுக்க இடுப்பளவு தண்ணீர் போதும், தலையில் கைவைத்துத் திடப்படுத்த ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டு வேலையைச் செய்ய ஆளில்லை.

ஜனவரி 7, காலை 7.15

கண்டோன்மென்ட் அனுமதி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

ஆங்கிலம் கேட்கும் ஆட்கள் மொத்தமாக இருந்த இடம் படைமுகாம். உள்ளே கூட்டம் நடத்தப் படைத்தலைவரின் அனுமதி வேண்டும். அவர் முகாமின் பாதிரியாரைக் கேட்பார். பாதிரியார் என்ன சொல்வார் என்பது தெரிந்ததே. பூனாவில் ஃபின்ட்லேயை முகாம் எல்லைக்கு வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அவர் ஊர்ப்பக்கம் குடியேறி அங்கிருந்து நடத்தினார். அப்படியும் பூனாவில் ஒரு கிளை உருவானது அவருடைய பொறுமையால்தான்.

உள்ளிருந்தே செய்ய முடிந்தவர் ஒருவர்: மாத்யூ மெக்கூன், வங்காளப் பீரங்கிப்படை அதிகாரி, 1851-இல் கல்கத்தாவில் சேர்ந்த முதல் சிலரில் ஒருவர். சம்பளம் கம்பெனியுடையது, வீடு கம்பெனியுடையது, யாரும் வெளியேற்ற முடியாது. பர்மியப் போருக்கு அனுப்பப்பட்டபோது ரங்கூனில் சிப்பாய்களிடையே கிளை அமைத்தார். ஒரு பிடிமானமுள்ள ஆள் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு மிஷன் முழுவதிலும் இவரைவிட நல்ல சான்று இல்லை.

ஜனவரி 7, இரவு 8.50

மதராஸ். சுருக்கமாக, ஏனென்றால் நடந்ததும் சுருக்கமே.

துறைமுகம் கிடையாது, 1853-இல் மதராசில் இறங்குவதென்றால் கப்பலிலிருந்து மசூலாப் படகில் அலை தாண்டி மணலில் இறங்குவது. மூவரும் 1853 ஜூலையில் அப்படித்தான் வந்தார்கள். கேட்டவர்கள் சிப்பாய்கள், அரசு அலுவலக எழுத்தர்கள், அன்று ‘ஈஸ்ட் இந்தியர்’ எனப்பட்ட ஆங்கிலோ-இந்தியர்கள். 1854-இல் பாலன்டைன் ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார். பெயர் ‘லேட்டர்-டே செயின்ட்ஸ் மில்லேனியல் ஸ்டார் அண்ட் மந்த்லி விசிட்டர்’. சில இதழ்களோடு நின்றது. முழுக்க ஆங்கிலம். 1854 ஜூலையில் பாலன்டைன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஒரே ஒரு ஆண்டு.

பாலன்டைன் சாதாரண ஆள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சால்ட் லேக்கில் 1849 டிசம்பரில் முதல் ஞாயிறு பள்ளியைத் தம் வீட்டிலேயே தொடங்கியவர். சிறுவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர். அப்படிப்பட்டவர் ஓராண்டு மதராசில் இருந்தும் தமிழில் ஒரு துண்டுத்தாள்கூட வரவில்லை. அவர் இறங்கிய ஊரிலோ தமிழ் அச்சுக்கூடங்கள் இருந்தன. தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி 138 ஆண்டு ஆகியிருந்தது. 1836 முதல் மதராசில் இருந்த அமெரிக்க மிஷனுக்குத் தனி அச்சகமே இருந்தது. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனைத் தொடங்கிய சீகன்பால்கு வந்த புதிதில் மணலில் எழுத்துப் பழகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் படித்தவர். கேள்வி கேட்டவர் தரங்கம்பாடியை ஒப்பிட்டாரே, வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

ஜனவரி 8, இரவு 10.05

இதை வெறும் ஊகம் என்று தள்ளாமல் இருக்க, அதே சபை, அதே ஆண்டுகள், அதே பையில்லா முறை, வேறொரு இடம்: ஹவாய்.

1850 டிசம்பர் 12-இல் பத்துப் பேர் ஹொனலுலுவில் இறங்கினார்கள். வெள்ளையரிடம் பிரசங்கிக்கத்தான் போனார்கள். வெள்ளையர் கேட்கவில்லை. பாதிப் பேர் சில மாதத்தில் தீவை விட்டே போனார்கள், மிஷன் தலைவர் உட்பட. நின்றவர்களில் ஜார்ஜ் கானன் என்ற இளைஞர் மவுயி தீவில் ஹவாய்க்காரர் வீடுகளிலேயே தங்கி மொழி பழகினார். வைலுக்குவில் நீதிபதியாக இருந்த ஜோனத்தான் நபேலா அவருக்கு ஆதரவானார். இருவரும் உட்கார்ந்து சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகத்தை ஹவாய் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். 1855-இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சானது. அதற்கு முன்பே உறுப்பினர் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில்.

அங்கே சாப்பாடு போட்டவரும் உபதேசம் கேட்டவரும் ஒரே ஆள் என்பதைக் கவனியுங்கள். 6-ஆம் தேதிக் குறிப்பில் சொன்ன கண்ணி அங்கே அறுபடவில்லை. மொழி அந்தச் சாப்பாட்டு வட்டத்திலிருந்து வந்தது. பலதார மணச் செய்தி ஹவாய்க்கும் அதே 1853-இல்தான் போனது, கிளைகள் நின்றன.

ஜனவரி 9, காலை 6.40

ஒரு வாசகர் சரியாகச் சுட்டிக்காட்டினார்: இந்தியாவில் யாருமே மொழி படிக்கவில்லை என்று நினைக்கத் தோன்றும்படி எழுதிவிட்டேன். தவறு. ஃபின்ட்லே பூனாவில் மராத்தி படித்தார். வில்ஸ் இந்துஸ்தானி படித்தார். பர்மா போன லெவி சாவேஜ் பர்மிய மொழியோடு மல்லுக்கட்டினார். முயற்சி இருந்தது. படித்த மொழி கைவசமாகும் முன்பே ஒவ்வொருவரும் ஊர் மாற வேண்டியிருந்தது, அல்லது நாடு திரும்ப வேண்டியிருந்தது. ‘படிக்கவில்லை’ என்பதைவிட ‘படித்து முடிக்க நேரமும் வீடும் கிடைக்கவில்லை’ என்பதே நியாயம்.

ஜனவரி 9, இரவு 9.15

இன்னொன்று, இதுவும் பெரிது: கூடிவருதல்.

அன்றைய போதனைப்படி மதம் மாறியவர் சீயோனில், அதாவது யூட்டாவில், போய்ச் சேர வேண்டும். இருக்கும் ஊரில் வேரூன்றக் கூடாது. ஆக, மிஷன் எவ்வளவு வெற்றி பெற்றதோ அவ்வளவு விரைவாக ஊரில் கிளை கரையும். கல்கத்தாவில் உறுதியாக நின்ற சிலர் கப்பலேறினார்கள். மெக்கூன் குடும்பமும் 1850களின் பிற்பகுதியில் யூட்டா போய் நீஃபை ஊரில் குடியேறியது. தளராமல் நின்றவர்களை அனுப்பிவிட்டு, தள்ளாடியவர்களை வைத்துக் கிளை நடத்துவது எப்படி?

ஹவாயில் இதுவும் வேறு மாதிரி. உள்ளூர்க்காரர் நாட்டைவிட்டுப் போக அங்கே சட்டம் தடையாக இருந்தது. ஆகவே தீவுகளுக்குள்ளேயே, முதலில் லனாய், பிறகு 1865 முதல் லாயி என்று கூடினார்கள். சபை ஊரை விட்டுப் போகவில்லை.

இந்தியாவில் கடைசியாக நின்றவர் மதராஸ் மூவரில் ஒருவரான ஸ்கெல்டன். 1856 மே மாதம் அவர் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டதோடு மிஷன் மூடியது.

ஜனவரி 10, பிற்பகல் 2.30

லெவி சாவேஜ் பெயரைப் பார்த்துப் பலர் கேட்கிறார்கள்: ஆம், கைவண்டிப் பயணக் கதையில் வரும் அதே ஆள்தான். பர்மாவிலிருந்து திரும்பும் வழியில் 1856-இல், சாமான்களைக் கைவண்டியில் இழுத்துக்கொண்டு யூட்டாவுக்கு நடந்த வில்லி குழுவோடு சேர்ந்தவர். பருவம் தப்பிவிட்டது, இப்போது கிளம்பினால் பனியில் முதியவரும் குழந்தைகளும் சாவார்கள் என்று நெப்ராஸ்காவில் அழுதுகொண்டே எச்சரித்தார். கேட்கவில்லை. அவரும் கூடவே நடந்தார். வயோமிங் பனியில் பலர் இறந்தார்கள்.

கல்கத்தாவில் 1849-இல் பிறந்த மெக்கூனின் மகன் ஆல்ஃபிரட் பிற்காலத்தில் யூட்டாவின் சுரங்க, ரயில்வே செல்வந்தர். சால்ட் லேக்கில் அவர் கட்டிய மாளிகை இன்றும் இருக்கிறது.

ஜனவரி 10, இரவு 10.45

பெயர் பற்றி ஒரு வரி. ‘மார்மன்’ என்று அழைக்க வேண்டாம் என்று 2018-இல் சபைத் தலைமை கேட்டுக்கொண்டது. தமிழில் அவர்கள் தம்மைச் சொல்லிக்கொள்வது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1850கள் பற்றிய ஆவணங்களில் இரு பெயரும் வரும். தேடும் வசதிக்காகத்தான் இங்கே பழைய பெயரை எழுதுகிறேன்.

ஜனவரி 12, இரவு 9.00

“சரி, பிறகு எப்படி வந்தது?” 1884-இல் வில்ஸ் முதிய வயதில் மறுபடி வந்தார், மெக்கூனின் இன்னொரு மகனும் கூட. அடுத்த ஆண்டுக்குள் திரும்பினார்கள். அதன் பிறகு நீண்ட மௌனம்.

அந்த மௌனம் உடைந்தது ஒரு தமிழரால். கோயம்புத்தூரில் பால் திருத்துவதாஸ் என்பவர் 1950களில் பழைய புத்தகமொன்றினுள் இருந்த மார்மன் துண்டுப் பிரசுரத்தைப் படித்து, தாமே சால்ட் லேக்குக்கு எழுதினார். 1961-இல் சபைத் தலைமையைச் சேர்ந்த கார்டன் ஹிங்க்லே கோவை வந்து அவரைப் பார்த்தார். 1965-இல் ஞானஸ்நானம். அவர் தமிழில் மொழிபெயர்த்தார், சுற்றுக் கிராமங்களில் சிறு குழுக்களை நடத்தினார். 1853-இல் பாலன்டைன் செய்ய முடியாததை ஊர்க்காரர் ஒருவர் தபால் தலைச் செலவில் தொடங்கிவைத்தார் என்பது எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம்.

1978-இல் எட்வின் தர்மராஜு, எல்சி தம்பதி சமோவாவிலிருந்து சொந்த ஊரான ஐதராபாத்துக்கு வந்து உறவினர் உட்பட 22 பேரைச் சேர்த்தார்கள். எல்சியின் தந்தையே மார்மன் புஸ்தகத்தைத் தெலுங்கில் பெயர்த்தார். தேர்ந்தெடுத்த பகுதிகள் தமிழிலும் தெலுங்கிலும் 1982-இல் வந்தன. முழுநூல் தெலுங்கில் 2000, தமிழில் 2005. இந்தியாவின் முதல் பிணையம், அதாவது பல உள்ளூர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரம், 2012-இல் ஐதராபாத்தில் அமைந்தது. பெங்களூர் மிஷனின் முதல் தலைவர் குருசரண் சிங் கில், பஞ்சாபில் பிறந்தவர்.

வெளிநாட்டு மிஷனரிகளுக்கு விசா அரிதாகவே கிடைப்பதால் இங்கே வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இந்திய இளைஞர்கள். 1850களில் இல்லாத மொழியும் வீடும் இப்போது தானாகவே கையில் இருக்கிறது. கூடிவருதல் போதனையும் இருபதாம் நூற்றாண்டில் மாறி, அவரவர் ஊரிலேயே இருக்கச் சொல்கிறார்கள். 2018-இல் பெங்களூருக்கு ஆலயம் அறிவித்தார்கள். 2020 டிசம்பரில் மண் வெட்டினார்கள்.

ஜனவரி 13, காலை 7.20

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன்: ஒரு குடும்பம், ஒரு கல்லறை. மதராசில் தேடுபவர்கள் மார்மன் என்ற தலைப்பில் தேடினால் எதுவும் வராது. சேர்ந்தவர்கள் சிப்பாய், எழுத்தர் என்பதால் கம்பெனியின் படைப்பட்டியல்களிலும் அலுவலர் பட்டியல்களிலும் பெயர் இருக்கும். இறந்தால் அடக்கம் ஆங்கிலிக்கன் பதிவேட்டில் இருக்கும். ஆகவே முதலில் மூப்பர்களின் நாட்குறிப்புகளிலிருந்து பெயர்களை எடுத்து, பிறகு அந்தப் பட்டியல்களில் ஒப்பிட வேண்டும். லிவர்பூல் ‘மில்லேனியல் ஸ்டாரில்’ வந்த கடிதங்களைப் பயன்படுத்தினால், இதழின் தேதியை விட்டுவிட்டுக் கடிதத்தின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இடையே மாதக்கணக்கில் இடைவெளி உண்டு. பாலன்டைனின் மதராஸ் பத்திரிகைக்கும் பாதிப் பெயர் அதுவேதான், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஊர்ப்பெயர்களின் எழுத்து மாறும்: கல்கத்தா அருகே உள்ள சின்சுரா ஒரே நாட்குறிப்பில் மூன்று விதமாக வரலாம். குடும்பங்களின் கல்லறைகளைப் பார்க்க வேண்டுமானால் சென்னையைவிட நீஃபை ஊர் இடுகாட்டில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.